அறுபதுக்கு மேல் யோகா: தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா?

மும்பை செம்பூரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வயது 61, வங்கி வேலையிலிருந்து ஓய்வு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேரனைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. பக்கத்துத் தெரு யோகா வகுப்பில் சேர்ந்தவர், சுற்றிலும் இருபத்தைந்து வயதுப் பெண்கள் வளைந்து நெளிவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். இந்த வயதில் ஆரம்பித்து என்ன கிடைக்கும், மூப்பு தள்ளிப்போகுமா, ஓட்டமாக ஓடுகிற மும்பையில் நிதானம் என்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறார். வீட்டுக்காரருக்குச் சிரசாசனம் செய்து பார்க்க ஆசையாம், அது சரியா என்பது கடைசிக் கேள்வி.

உங்களைவிட எனக்குச் சில வயது கூடுதல். மாட்டுங்காவில் எங்கள் சொசைட்டி ஹாலில் பெரியவர்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மூப்பு தள்ளிப்போகாது. "பத்து வயது குறையும்" என்று போஸ்டர் ஒட்டுகிற வகுப்பு எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். முப்பதைத் தாண்டியதுமே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. எலும்பு மெலிகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அது இன்னும் வேகம். கண் மங்குகிறது, உள்காதில் உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு மந்தமாகிறது. யோகாவால் இது எதையும் நிறுத்த முடியாது. ஆனால் இத்தனைக்கும் நடுவில் நம் வேலையை நாமே செய்துகொண்டு நடமாடுவதற்கு அது உதவும். அறுபது வயதில் நான் கேட்பது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

என் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் ஆசனம் எதுவும் கேட்பதில்லை. "கீழே உட்கார்ந்து எழுந்திருங்கள், பார்க்கலாம்" என்பேன். அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லா ரிப்போர்ட்டும் கச்சிதம், கோப்பில் போட்டு எடுத்து வந்திருந்தார். தரையில் உட்காரச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. கடைசியாக எப்போது கீழே உட்கார்ந்தார் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. அதே வாரம் தாராவியில் இருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எழுபதை நெருங்குகிறவர், வாழ்நாள் முழுக்க இட்லி வியாபாரம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் சடக்கென்று எழுந்தார். ரிப்போர்ட் என்று எதையும் அவர் எடுத்துப் பார்த்ததே இல்லை. பிறகு பார்த்ததில் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது, மூச்சும் மேலோட்டமாக இருந்தது. இரண்டு பேருக்கும் நான் ஒரே வகுப்பை நடத்த முடியாது. உங்கள் பக்கத்தில் நின்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் உங்களுக்கும் ஒரே வகுப்பு நடத்தியவர்தான் தப்பு செய்திருக்கிறார், நீங்கள் இல்லை.

தரை நம் வாழ்க்கையிலிருந்து போனது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். பழைய மாட்டுங்கா வீடுகளில் சாப்பாடு தரையில், காய் நறுக்குவது அரிவாள்மணையில், படுக்கை பாயில், கழிப்பறையும் குந்தும் வகை. ஒரு நாளில் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்தோம், அதை யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை. பிளாட் வந்தது, டைனிங் டேபிள் வந்தது, சோபா வந்தது, கமோடு வந்தது. ஒவ்வொன்றும் வசதிதான், முட்டி வலிக்காரர்களுக்கு அவசியமும்கூட. ஆனால் இடுப்பும் முட்டியும் முழுசாக மடங்குகிற வேலை எல்லாமே ஒன்றாகக் காணாமல் போயிற்று. உடம்பு பயன்படுத்தாததை வைத்துக்கொள்வதில்லை. யோகா வகுப்பில் நமக்குக் கிடைக்கும் முதல் லாபம் இந்தத் தரைதான். ஆசனம் வருகிறதோ இல்லையோ, ஒரு மணி நேரத்தில் பலமுறை கீழே போய் மேலே வருகிறோம்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கிளாடியோ கில் அராவுஜோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கை, முட்டி என்று எதை ஊன்றினாலும் ஒரு மதிப்பெண் குறையும். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்த சில வருடங்களில் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதே குழு 2022-ல் இன்னொன்று வெளியிட்டது: 51 முதல் 75 வயது வரை 1702 பேர், ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. வயது, உடல் எடை, இருக்கும் நோய்கள் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நிற்க முடியாதவர்களுக்கு இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதல்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்க முடியாததால் யாரும் சாவதில்லை. தசை, நரம்பு, கண், காது எல்லாம் சேர்ந்து எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்த 10 விநாடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பத்து விநாடியை மட்டும் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணுவதிலும் அர்த்தம் இல்லை.

நிற்கும்போது தள்ளாடுகிறவர்களுக்கு ஆசனம் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு ரத்தப் பரிசோதனை சொல்வேன்: வைட்டமின் பி12. நம்மில் பலர் பரம்பரையாகச் சைவம். பி12 கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். வயதாக ஆக வயிறு அதை உறிஞ்சுவதும் குறைகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையலாம். குறைந்தால் பாதம் மரத்துப்போகும், இருட்டில் நடக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சர்க்கரை நோயும் தனியாக இதே வேலையைச் செய்யும். இதையெல்லாம் சரிபார்க்காமல், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் போடச் சொல்வது வீண். மாத்திரையிலோ ஊசியிலோ தீர வேண்டிய விஷயத்தை ஆசனத்தில் தேடக் கூடாது.

சரி, என்னதான் செய்வது? கீழே போவதில் இருந்து ஆரம்பியுங்கள். சுவரை ஒட்டி, நகராத கனமான நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கையை அதில் வைத்து, ஒரு முட்டியை மடித்த போர்வையின் மேல் இறக்கி, அப்புறம் இன்னொன்று, பிறகு பக்கவாட்டில் உட்காருங்கள். எழும்போது அப்படியே தலைகீழ்: ஒருக்களித்து, முட்டிபோட்டு, பலமான காலை முன்னால் வைத்து, நாற்காலியை அழுத்தி எழுவது. மாற்றி மாற்றி இரண்டு பக்கமும். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் தங்கள் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் முட்டி போட வேண்டாம். அவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதே போதும், அதுவும் தொடைக்கு நல்ல வேலை.

நிற்பதற்குச் செருப்பில்லாத கால், கைக்கெட்டும் தூரத்தில் சுவர். முதலில் தாடாசனம், அதாவது இரண்டு காலிலும் எடையைச் சமமாக வாங்கி நிற்பது. பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். ஆனால் செருப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். வருஷக்கணக்கில் நாம் எப்படிச் சாய்ந்து நிற்கிறோம் என்பது அதில் தெரியும். பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதின் விரல் நுனியில் ஒட்டி நேர்கோட்டில் நிற்பது. அதற்கும் பிறகுதான் ஒற்றைக் கால், விரல் நுனி சுவரில். படுத்துச் செய்கிறவற்றில் சேதுபந்தாசனம் எனக்குப் பிடித்தது. முட்டி மடக்கி, பாதம் ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்குவது. உட்கார்ந்தே பழகிப் படுத்துவிட்ட பின்பக்கத் தசைகள் விழித்துக்கொள்ளும்.

வளைய முடியவில்லையே என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். பெல்ட், கட்டை, நாற்காலி, கயிறு என்று யோகாவுக்குள் கொண்டுவந்து பரப்பியவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-ல் கோலார் பக்கம் பெல்லூரில் பிறந்து, சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அல்லாடியவர், புனேயில் 95 வயது வரை வாழ்ந்தார். அறுபதை ஒட்டிய வயதில் சாலை விபத்தில் அடிபட்டு, வராமல் போன ஆசனங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பழகினார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் துள்ளும் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிறகு சென்னையில் குடியேறியபின், வந்தவர் ஒவ்வொருவரின் வயதையும் நோயையும் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தார். 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது, படுக்கையில் படுத்தபடியே தனக்கு முடிகிற பயிற்சியை அமைத்துக்கொண்டார். நூறு வயதைத் தொட்டு 1989-ல் காலமானார். இந்த இரண்டு பேருடைய இளவயதுப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு யோகா என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அவர்களுடைய முதுமைதான் அதிகம் சொல்கிறது.

இந்த ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. துறவிகளிடம் இருந்த யோகத்தைக் குடும்பஸ்தர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஸ்ரீ யோகேந்திரர் 1918-ல் வெர்சோவா கடற்கரையில் தொடங்கியதுதான் இப்போது சாந்தாகுரூஸில் இருக்கும் யோகா இன்ஸ்டிட்யூட். லோனாவாலாவில் குவலயானந்தர் 1924-ல் கைவல்யதாமம் தொடங்கி, ஆசனம் செய்கிறவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்தார், எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். சிரிப்பு யோகாவும் இங்கே பிறந்ததுதான், 1995-ல் அந்தேரி பார்க்கில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஆரம்பித்தது. காலையில் பார்க் அதிர ஹா ஹா என்று சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். ஆனால் தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டை விட்டு இறங்க அது ஒரு காரணமாகிறது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நிதானம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நாள் எனக்குத் தெரியும், ஏனென்றால் இங்கே பாதிப் பேருடைய நாள் அதுதான். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, இரண்டு டப்பா கட்டி, பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி, மதியம் அழைத்து வந்து, மகன் லோக்கல் ரயிலில் தொங்கி வந்து சேரும் வரை சாப்பாட்டைச் சூடாக வைத்திருப்பது. வங்கியிலிருந்துதான் ஓய்வு, வேலையில் இருந்து இல்லை! இந்த நாளுக்குள் யோகாவையும் இன்னொரு கடமையாகத் திணித்தால் அது நிலைக்காது. விடிகாலை நாலரைக்கு எழுந்துதான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அறுபது வயதில் தூக்கத்தை வெட்டிச் செய்கிற ஆசனத்தால் ஒரு நன்மையும் இல்லை. வயிறு காலியாக இருக்கும் எந்த நேரமும் சரி. பேரன் வருவதற்கு முன்னால், சமையல் முடிந்து நீங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு அரை மணி கிடைக்குமானால் அது போதும். இடமில்லை என்பார்கள்; கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் விரிகிற இடம் இருந்தால் போதும். ஆனால் அந்த அரை மணிக்குக் கதவைச் சாத்துங்கள், போனை வெளியே வையுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஆசனம் கற்றுக்கொள்வதைவிட இதைச் சொல்வதுதான் நம் தலைமுறைப் பெண்களுக்குக் கஷ்டம். என் வகுப்பில் பத்மாசனம் போடுகிறவர்கள்கூட "அந்த நேரத்தில் கூப்பிடாதே" என்று மகனிடம் சொல்லத் தயங்குகிறார்கள்.

அலைபாயும் மனசுக்கு மூச்சைவிடக் கைக்கு எட்டிய வழி எனக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு நிதானமாக்கினால், ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதைச் சரிசெய்கிற உடம்பின் ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு சுவாரசியமானது: லத்தீன் ஜெபமாலை சொல்பவர்களுக்கும், "ஓம் மணி பத்மே ஹூம்" சொல்பவர்களுக்கும் மூச்சு தானாகவே ஏறத்தாழ அந்த ஆறுக்கு வந்து நின்றது. நம் வீடுகளில் தேவாரமோ பாசுரமோ நீட்டிப் பாடுகிறவர்களுக்கும் வெளிமூச்சு நீள்கிறதுதானே. கண்ணை மூடி எண்ணிக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லாதவர்களைத் தெரிந்த பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லிவிடுவேன். மூச்சை அடக்கிப் பிடிப்பது மட்டும் வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கு மூச்சை அடக்கும் கும்பகமும், மூச்சை வெடுக்வெடுக்கென்று வெளியே தள்ளும் வேகமான கபாலபாதியும் ஆகாது.

எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று டாக்டர் சொல்லியிருந்தால் இன்னொரு எச்சரிக்கை. காலை நீட்டி உட்கார்ந்து, முதுகை வளைத்துக் கால் விரலைப் பிடிக்கும் பஸ்சிமோத்தானாசனத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்பு மெலிந்துபோன 59 பெண்களைப் பார்த்தார்கள். முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிதாக நசுங்கல் வந்தது. பின்னால் நிமிரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியது இல்லை. கால் விரலைத் தொட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? இடுப்பிலிருந்து நேர் முதுகோடு கொஞ்சம் சாய்வது, குப்புறப் படுத்துத் தலையும் மார்பும் இலேசாக எழும்புவது, இவை போதும்.

யோகா மட்டும் செய்தால் எல்லாம் ஆயிற்று என்றும் நினைக்க வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கச் சமநிலைப் பயிற்சி. யோகா கடைசி இரண்டில் உதவும். நடை தனியாக நடக்கத்தான் வேண்டும். உங்களுக்கு டைமண்ட் கார்டன் இருக்கிறது, எங்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. ஸ்டேஷன் பாலத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறினால் அதுவும் கணக்கு. இறங்குவதற்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக மழைக்காலத்தில். விழுகிறவர்கள் பலர் வீட்டுக்குள்ளேதான் விழுகிறார்கள், அதிலும் பாத்ரூமில். யோகா பாய் வாங்குவதற்கு முன் பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லுங்கள். சாப்பாட்டில் பருப்பும் தயிரும் சுண்டலும் கூடட்டும். ரசம் சாதத்தோடு முடித்துக்கொண்டால் தசைக்கு எங்கிருந்து வரும்?

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை யோகா மாஸ்டர் சொன்னார் என்று நிறுத்தக் கூடாது. குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். சிரசாசனம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் யோகா பழகியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இருக்கிறது என்று தெரியாமலேயே பலருக்கு அந்த நோய் இருக்கும் என்பதுதான் சிக்கல். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் வயதில் மொத்த எடையையும் கழுத்தில் இறக்குவதும் தேவையில்லாத வம்பு. ஆசை விடவில்லை என்றால், பிட்டத்தைச் சுவரருகே வைத்துப் படுத்துக் காலைச் சுவரில் மேலே நீட்டி ஐந்து நிமிடம் இருக்கட்டும். கண் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும்.

வகுப்பை விட வேண்டாம், வேறு வகுப்பு பாருங்கள். முதல் நாளே வயது, நோய், மாத்திரை, அறுவை சிகிச்சை, விழுந்த அனுபவம் இதையெல்லாம் கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஒன்றும் கேட்காமல் பாயை விரிக்கச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஹாலில் சுவரும் நாற்காலியும் இருக்க வேண்டும். "வலித்தாலும் பிடியுங்கள்" என்று சொல்கிறவரும், முதுகில் ஏறி அழுத்துகிறவரும் நமக்கு வேண்டாம். முன்பணமாக ஆறு மாதத்துக்குக் கேட்டால், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.